விடலாம், கதை புரியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று புத்தகங்களுக்குக் கிளிப் போட்டேன். ஒன்றில் குடிகாரன் வாய்க்கு வந்தபடி திட்டும் இடம், இரண்டு பக்கம். இன்னொன்றில் கல்யாணமான முதல் ராத்திரி, நான்கு பக்கம், அதில் ஒன்றரைப் பக்கம் நிலா. மூன்றாவதில் கொலை. கொலையை முழுசாக விட்டால் அடுத்த அத்தியாயத்தில் போலீஸ் ஏன் வருகிறது என்று புரியாது. ரத்தம் தெறிக்கும் தாளை மட்டும் கிளிப்புக்குள் அடக்கினேன். பின் அட்டையின் உள்பக்கம் வழக்கமான சீட்டை ஒட்டினேன்: "பக்கம் 88, 89 விடலாம். கதை புரியும்."

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இந்த நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் வருகிறார்கள். மாமனார் எடுத்துப் பார்த்தாலும், பத்து வயதுப் பெண் புரட்டினாலும் சங்கடம் வராத புத்தகம் வேண்டும் அவர்களுக்கு. வாரத்தில் மூன்று நாள், மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நான் உட்கார்ந்து அப்படிப்பட்ட புத்தகங்களைச் சொல்கிறேன். என் பெயர் யாருக்கும் நினைவில்லை. கிளிப்பக்கா. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பிடிக்கும்.

ஐந்து மணிக்குப் பிரேம் கடைக்காரர் வந்து நீல அட்டை நாவலைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று தெரு தள்ளி, போட்டோக்களுக்குச் சட்டம் போடுகிற கடை. அவர் மனைவிக்கு இரண்டு வருடமாகப் பார்வை மங்கல். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். "தனியா படிக்கிறதுன்னா எது வேணா படிக்கலாம்மா. வாய்விட்டுப் படிக்கிறப்போ நாக்கு கூசுது" என்று சேர்ந்த அன்றே சொன்னவர். நான் போட்ட கிளிப்பை ஒருநாளும் பிரித்ததில்லை.

"நல்ல கதைம்மா. பொண்ணு வீட்டை விட்டுப் போனா. அப்பன் கடைசி வரைக்கும் கதவைத் தொறக்கல. வைராக்கியமான மனுஷன்" என்றார்.

நானும் பெரிய மேதாவி மாதிரி, "ஆமாண்ணே, அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மழை. நான்கு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

மார்ச் 8, சனி

பிரேம் கடைக்காரரின் மனைவி தனியாக வந்தார். ஒரு கை சுவரில், ஒரு கை புடவை முந்தானையில். அவர் தனியாக வந்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தக் கதைல கடைசில ஒரு குடை வருதே. அப்பா செத்த பிறகு பரண்ல கிடக்குற குடை. அதுல சிவப்பு நூல்ல தையல் போட்டிருக்குன்னு வந்துச்சு. அதை யாரு தச்சது?"

எனக்குக் குடையே நினைவில் இல்லை. "சும்மாக்கா. பழைய குடைன்னு காட்டுறதுக்கு எழுதியிருப்பாங்க."

"இல்ல. நடுவுல எதையோ தாண்டின மாதிரி இருந்துச்சு. அவரு பக்கத்தைப் புரட்டுற சத்தம் எனக்குக் கேக்கும்ல. அன்னிக்குப் பொத்துனு ஒரு சத்தம்."

"கொஞ்சம் அசிங்கமான இடம்கா. முக்கியமா ஒண்ணும் இல்ல."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால், ஏற்கெனவே கல்யாணமாகி மனைவியைப் பிரிந்திருந்த ஒருவனோடு போய்விட்டாள். அன்றோடு வீட்டில் அவள் பேச்சே கிடையாது. இப்போது மகளும் அவனும் மாசக் கடைசியில், இருபத்தொன்பதாம் தேதி, நாட்டை விட்டே போகிறார்களாம். ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

"தனியா ரயில் ஏறிப் போற அளவுக்கு எனக்குக் கண்ணு இல்ல. இவரைத்தான் கெஞ்சிட்டு இருக்கேன். அந்தப் புத்தகத்துலகூட அப்பன் போகலையே, நல்ல புத்தகம்னுதானே குடுத்தாங்கங்கிறாரு. அதான் குடையைக் கேட்டேன்."

காபி வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

நூலகத்தைத் திறந்து நீல அட்டையை எடுத்து வந்தேன். பக்கம் 214 முதல் 231 வரை, என் கறுப்புக் கிளிப். பின்னால் என் கையெழுத்து: "விடலாம். கதை புரியும்."

மூன்றே மூன்று பக்கம்தான் அப்படி. அவளும் அவனும் ஒரே அறையில் இருக்கிறார்கள், கட்டில், வியர்வை, அந்த மாதிரி. 217இல் அப்பா வருகிறார். குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி வந்து அவள் வீட்டு வாசலில் நிற்கிறார். கதவைத் தட்டத் தெரியாமல் குடைக்காம்பால் தரையைத் தட்டுகிறார். அவள் கதவைத் திறக்கிறாள். "கொஞ்சம் தண்ணி குடு" என்கிறார், ஏழு பக்கத்துக்கு அவர் பேசுவது அவ்வளவுதான். அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவள் கிழிந்த குடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தைக்கிறாள். வீட்டில் கறுப்பு நூல் இல்லை. சிவப்புதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வருகிறார். சாகும்வரை வருகிறார். மனைவியிடமும் சொல்லவில்லை.

சமையலறையில் நின்றுகொண்டே படித்து முடித்தேன். அழுதேன். கதைக்காக இல்லை.

மார்ச் 10, திங்கள்

எப்படி நடந்தது என்று இப்போது துல்லியமாக நினைவு வருகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால். அந்த வாரம் பன்னிரண்டு புத்தகம் பார்த்து முடிப்பதாக எல்லோரிடமும் வீம்பாகச் சொல்லியிருந்தேன். இது பதினொன்றாவது. 214ஐத் திறந்தேன், 215, 216. இதுதான் விஷயமா என்று அத்தியாயம் எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்து, மொத்தமாக மடித்துக் கிளிப் போட்டேன். கடைசி அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார்த்தேன். குடை கண்ணில் பட்டதா? பட்டிருக்கும். நின்று யோசிக்கவில்லை.

படிக்காததைப் படித்ததாக எழுதியிருக்கிறேன். இதை வேறு எப்படிச் சொல்வது? கவனக்குறைவு என்று சொல்லலாம். சப்பைக்கட்டு.

என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை செய்கிறார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைப் பார்த்துத்தான் எனக்குச் சீட்டு ஒட்டும் யோசனையே வந்தது. இவரிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மருந்து மாறிப் போச்சுன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"வாங்கினவங்க வீட்டைத் தேடி ஓடுவோம். சாப்பிட்டாச்சா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஓடுவோம்."

ஓடவில்லை. நாளைக்குப் பிரேம் கடைக்காரரே நூலகத்துக்கு வருவார், அப்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வந்தார். வரிசையில் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள். கிளிப்பை எடுத்துவிட்ட நீல அட்டையை மேஜையில் முன்னால் தள்ளி வைத்தேன்.

"அண்ணே, இதை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"படிச்ச புத்தகத்தை எதுக்கும்மா? வேற குடுங்க."

"இல்ல, இதுல கொஞ்சம்..." மென்று விழுங்கினேன். பின்னால் நிற்கும் டீச்சர் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். போன வருடம் இவர்தான் எல்லோரிடமும் போய், "கிளிப்பக்கா எழுதினா கண்ணை மூடிட்டுப் படிக்கலாம்" என்று சொல்லி இருபது பேரைச் சேர்த்துவிட்டவர்.

பயணக் கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கிளிப்பே இல்லாதது. வாங்கிக்கொண்டு போனார்.

என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். ஒரு மகளின் பயணத்துக்கு முன்னால் என் பெயர். எழுதும்போதே கூசுகிறது.

மார்ச் 13, வியாழன்

அவர் வரவில்லை. வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

மார்ச் 15, சனி

அக்கா வந்தார். கணவர் கொடுத்தனுப்பிய பயணக் கட்டுரையை நீட்டினார். "நாலு நாளா அவரு படிக்கவே இல்ல. நானும் கேக்கல."

குடையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? முக்கியமாக ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார், அதனால் கேட்கவில்லை. வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படியிறக்கி விட்டேன். ரொம்ப நல்லவள் மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு நாவலைப் பார்த்தா ஒரு மனுஷன் மகளைப் பார்க்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவார்? போகணும்னு மனசு இருந்தா போக வேண்டியதுதானே. நான் கிளிப் போடாட்டியும் வேற ஏதாவது சாக்கு சொல்லியிருப்பார். எல்லாப் பழியையும் நானே ஏன் தலையில போட்டுக்கணும்?

காலையில் எழுதியது மேலே உள்ளது. அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். இதுவும் நான்தான்.

மார்ச் 18, செவ்வாய்

நூலகத்தைத் திறக்காமல் நேராகப் பிரேம் கடைக்குப் போனேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரத்தூள் வாசனை, பசை வாசனை. அவருக்குப் பின்னால் சுவரில் எப்போதும் தொங்கும் அவர்கள் குடும்பப் போட்டோ. அவரும் அக்காவும், இளவயதில். போட்டோவைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டை அதில் மட்டும் ஒரு பக்கம் ரொம்ப அகலம். அக்காவின் இடது கை அந்த அட்டைக்குள் போய் மறைகிறது. ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணே, அந்த நீலப் புத்தகத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"பக்கம் கிழிஞ்சிருந்துச்சா? எங்க வீட்டுல கிழியலையேம்மா."

"இல்ல. கிளிப் போட்ட பக்கத்துலதான் அந்த அப்பா மகளைப் பார்க்கப் போறாரு."

துடைத்துக்கொண்டே இருந்தார். "போறாரா?"

"போறாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறாரு. குடையைத் தச்சது அந்தப் பொண்ணுதான்."

"பதினெட்டுப் பக்கமும் மோசமா?"

"மூணு பக்கம்தான். மிச்சத்தை நான் படிக்கல."

துணியைக் கீழே வைத்தார். "படிக்காமலே எழுதினீங்களா, கதை புரியும்னு?"

"ஆமா."

"எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கா சொன்னாங்க."

"எப்போ?"

"எட்டாம் தேதி."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புத்தகத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

"உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா. கடைல வேலை இருக்கு" என்றார்.

மார்ச் 20, வியாழன்

மூன்று மணிக்கே அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பொய் சொல்லிட்டேன்கா. தெரியாமதான் சொன்னேன், ஆனா மறுநாளே தெரிஞ்சுடுச்சு. அப்பவும் வந்து சொல்லல."

"ம்."

"நான் படிச்சுக் காட்டட்டுமாக்கா? இப்பவே. இங்கேயே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். அவரு வாயால கேக்கணும்."

"அவர் புத்தகத்தை வாங்க மாட்டேங்கிறாரே."

"வாங்குவாரு. நேத்துலேர்ந்து எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டாரு, குடைல என்ன கலர் நூல்னு படிச்சேன்னு."

மார்ச் 22, சனி

நான்கு மணிக்குப் பிரேம் கடைக்காரர் வந்தார். என்னோடு பேசவில்லை. அலமாரியில் நீல அட்டை எங்கே இருக்கிறதென்று அவரே தேடி எடுத்தார், பதிவேட்டில் எழுதாமல் போனார். நானும் எழுதவில்லை.

டீச்சர் அம்மா, "என்ன ஆச்சு அவருக்கு?" என்றார். அவரிடமும் சொல்லிவிட்டேன். முழுசாக. நிறுத்தாமல். அவர் கையில் இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பின் அட்டையைப் பார்த்தார். "இது?" என்றார். "இது படிச்சேன்" என்றேன். "நிச்சயமா?" என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கிளிப் போட்ட புத்தகம் மொத்தம் நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன், படித்தாயா, முழுசாகப் படித்தாயா. பதினொன்றில் பதில் இல்லை. பதினொன்றின் கிளிப்பையும் எடுத்தேன். காகிதத்தில் கிளிப்பின் தடம் பதிந்திருக்கிறது, அது போகாது.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்து, "இதுல என்ன அவ்வளவு மோசம்?" என்று கிளிப் இருந்த இடத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் கழித்து, "ஒண்ணும் இல்லையே" என்றார் ஏமாற்றமாக. இரண்டு வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

பிரேம் கடை ஷட்டர் இறக்கியிருக்கிறது. பக்கத்துக் கடையில் கேட்டேன். "காலைல ரெண்டு பேரும் பையோட போனாங்க" என்றார்கள். இருபத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. போதும். நான்கு நாள் போதும்.

மார்ச் 27, வியாழன்

ஷட்டர் இன்னும் இறங்கியே இருக்கிறது. நல்லதுதான். அங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வந்தார். நீல அட்டையை மேஜையில் வைத்தார். கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது.

"பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தோம். ஒரு மணி நேரம்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மகளும் அவனும் நான்கு நாள் முன்னாலேயே கிளம்புகிற மாதிரி டிக்கெட்டை மாற்றிவிட்டார்களாம். பத்தொன்பதாம் தேதி மாற்றியிருக்கிறாள். "யாரும் வர மாட்டாங்க, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்னு நினைச்சுட்டாளாம். நாங்க போய்ச் சேர்ந்தப்போ வாசல்ல பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்துச்சு. வண்டி வந்து நின்னுக்கிட்டு இருக்கு. அவங்க அம்மா அவ முகத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தா, அதுக்கே நேரம் போயிடுச்சு. மறுநாளே திரும்பிட்டோம். கடையைத் தொறக்க மனசு வரல."

பத்தொன்பதாம் தேதி. நான் கடைக்குப் போனது பதினெட்டு. ஒன்பதாம் தேதியே போயிருந்தால்... கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, நான் அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா..."

"ஆமா. சொல்லியிருக்கலாம்." பிறகு, "நீங்க பத்து நாள் லேட்டு. நான் ஏழு வருஷம் லேட்டு" என்றார்.

போகும்போது திரும்பிப் பார்த்து, "அந்த மூணு பக்கத்தை நானும் தாண்டிட்டேன்மா. முடியல" என்றார்.

அவர் போன பிறகு புத்தகத்தைத் திறந்தேன். 214லிருந்து 216 வரைக்கும் மட்டும் ஒரு கிளிப். என்னுடையது இல்லை. கடையில் அட்டை பிடிக்கிற பெரிய கிளிப்.

ஏப்ரல் 5, சனி

சீட்டுகளை மாற்றி எழுதுகிறேன். "கதை புரியும்" என்று இனி எழுதுவதில்லை. நீல அட்டையில் இப்போது இருப்பது இது: "பக்கம் 214–216: அவளும் அவனும் ஓர் அறையில் சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தரங்கமான காட்சி. வேண்டாதவர்கள் 217இல் தொடங்கலாம், அப்பா வருகிறார்."

நான்கு பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் அம்மா நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் புத்தகம் எடுக்கும்போது, எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தீர்கள் என்று கேட்கிறார். பதில் சொல்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

அக்கா சொல்லியனுப்பியதால் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பதினொன்றில் ஒன்று. இந்த வாரம்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். அக்கா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். மகள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னாளாம், நாளைக்கு ஞாயிறு.

"ரெண்டு இடத்துல கொஞ்சம் ஒரு மாதிரி வரும்கா. சீட்டுல எழுதியிருக்கேன். கிளிப் போட்டுத் தரவா?"

"போடாம குடு தங்கச்சி. கூசினா நான் காதை மூடிக்கிறேன்."

"உனக்குக் கூசாதுடி. படிக்கிறது நான்ல" என்றார் அவர், கண்ணாடி அறுத்துக்கொண்டே. அவர் குரலில் எனக்கான பழைய இளக்கம் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது சுவரைப் பார்த்தேன். போட்டோ அதேதான். சுற்றியிருக்கும் வெள்ளை அட்டையை மட்டும் புதிதாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அறுத்துப் போட்டிருந்தார். அக்காவின் இடது கை, ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண்ணின் தோளில் இருந்தது. ஏழு வயதிருக்கும். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.